சேஜ் செடி என்னிடம் பட்ட பாடு

பதினோரு வாரம். தொட்டியில் இருந்த ஒரே ஒரு சேஜ் செடியின் (சமையலில் வாசனைக்குப் போடும் மூலிகை) இலை ஏன் மஞ்சளாகி உதிர்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு அத்தனை நாள் ஆனது. கண்டுபிடித்த அன்று செடியில் முக்கால் பங்கு போயிருந்தது. இடையில் உரம், எப்சம் உப்பு (மக்னீசியச் சத்துள்ள உப்பு), பூஞ்சைக்கொல்லி, வேப்பெண்ணெய், அப்புறம் பெரிய தொட்டி ஒன்று என்று வாங்கிக் குவித்ததைக் கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்தில் அதே மாதிரி ஏழெட்டுச் செடி வாங்கியிருக்கலாம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உதிர்ந்த இலைகளை எண்ணிக்கொண்டு நிற்பேன். ஒரு செடிக்குப் போய் இவ்வளவா என்று வெளியே சொல்லவும் கூச்சம். யாராவது ஒருவர் அன்றைக்கு “செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வேரைப் பார்” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் விஷயம் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். சொல்ல ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், அசடு வழிந்த இடங்களையும் சேர்த்தே.

சேஜின் தாவரவியல் பெயர் சால்வியா அஃபிசினாலிஸ். துளசி, புதினா எல்லாம் இருக்கிற அதே குடும்பம். இதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். புதினா வளர்த்த கை இது, இதையும் வளர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் தவறு அங்கேதான். சொந்தக்காரர்கள் என்பதற்காக எல்லோருக்கும் ஒரே குணமா இருக்கும்? புதினா ஈர மண்ணில் குதூகலமாகப் படரும். சேஜோ மத்தியதரைக் கடலோரத்தில், சுண்ணாம்பு கலந்த கல்லாங்குத்துச் சரிவுகளில், சுள்ளென்ற வெயிலில் வளர்ந்த செடி. அங்கே பெய்கிற மழை வேரைத் தொட்டுவிட்டு ஓடிவிடும். இலை முழுக்க இருக்கும் அந்தச் சாம்பல் நிற ரோமமே வெயிலையும் வறட்சியையும் தாங்குவதற்கான ஏற்பாடு. சேஜ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முனிவர் என்றும் ஒரு பொருள் உண்டு. செடியின் பெயருக்கும் அதற்கும் வேர்ச்சொல் வேறு வேறுதான், ஆனால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கொஞ்சமாகக் குடித்துவிட்டு வெயிலில் தவம் கிடக்கிற ஆளிடம் போய் நான் காலையும் மாலையும் உபசாரம் செய்துகொண்டிருந்தேன்.

வாங்கி வந்த செடி மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று அதை அப்படியே ஒரு அழகான பீங்கான் தொட்டிக்குள் இறக்கி, ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு மேசைமேல் வைத்தேன். பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டை கிடையாது. மேசை நனையாது என்பதால் அது வசதி என்றே நினைத்தேன். தினமும் காலையில் அரை டம்ளர் தண்ணீர். மூன்று வாரம் செடி ஜம்மென்று இருந்தது. இந்த மூன்று வாரம்தான் ஏமாற்றுகிற காலம். நர்சரியில் நல்ல வெளிச்சத்தில் சேர்த்துவைத்த பலத்தை வைத்துச் செடி ஓட்டிக்கொண்டிருக்கும். நாம் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நமக்குத் தோன்றும்.

மூன்றாவது வாரக் கடைசியில் அடியில் ஒரு இலை மஞ்சளானது. கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாததில் தப்பும் இல்லை. காவோலை விழுவது எந்தச் செடிக்கும் இயல்பு. சேஜில் அடியில் இருக்கிற மூத்த இலைகள், மேலே கிளை அடர்ந்து நிழல் விழுந்ததும், ஒன்று இரண்டாகப் பழுத்து உதிரும். நுனியில் குருத்து பளிச்சென்று வளர்ந்துகொண்டிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த பத்து நாளில் நான்கு, ஏழு, பதினொன்று என்று எண்ணிக்கை ஏறியது, குருத்தும் நின்றுவிட்டது. குருத்து வளர்வது நின்று, கீழிருந்து மேலாக மஞ்சள் ஏறினால் அது மூப்பு இல்லை, நோவு. இந்த வித்தியாசத்தை அன்றைக்கு நான் கவனித்திருக்க வேண்டும். உதிர்ந்த இலைகளைத்தான் எண்ணினேன். நுனியைப் பார்க்கவே இல்லை.

நான்காவது வாரம் செடி தலை தொங்கியது. தொங்கினால் தாகம், அதுதானே நமக்குத் தெரிந்த கணக்கு? தண்ணீரை இரு மடங்காக்கினேன். மறுநாள் இன்னும் தொங்கியது. சரி, வெயில் காலம், போதவில்லை போல என்று மாலையிலும் ஊற்றினேன். இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் செடியைக் கொன்றது இந்த ஒரு கணக்குதான். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். மண்ணின் இடைவெளிகள் எல்லாம் தண்ணீரால் அடைபட்டால் வேர் மூச்சுமுட்டிச் சாகும். செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தொட்டி நிறைய ஈரம் இருக்க, இலைக்குத் தண்ணீர் போகாமல் செடி வாடும். தாகத்தில் வாடுவதும் தண்ணீரில் மூழ்கி வாடுவதும் மேலே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றில்லை என்று தெரிந்துவிடும். தாகமான தொட்டி பஞ்சு மாதிரி லேசாக இருக்கும், இலை மொறமொறவென்று காய்ந்து விளிம்பு சுருளும். மூழ்கிய தொட்டி கனக்கும், இலை மெத்தென்று துவண்டு மஞ்சளாகும், சில இலைகள் காம்புப் பக்கமிருந்து கறுக்கும். வாடிய செடி, ஈரமான மண் இரண்டும் சேர்ந்து கண்ணில் பட்டால் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிடுங்கள்.

நான் வைக்கவில்லை. ஐந்தாவது வாரம் இணையத்தில் தேடினேன். இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று எங்கு பார்த்தாலும் இருந்தது. பொய்யில்லை, அதுவும் ஒரு காரணம்தான். தழைச்சத்து செடிக்குள் இடம்பெயரக் கூடிய சத்து. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்கு அனுப்பும், அதனால் அடி இலைகள் முழுசாக வெளிறும். என் செடியிலும் அடி இலைகள்தான் வெளிறின. படத்தோடு ஒத்துப்போனது, திரவ உரம் வாங்கி ஊற்றினேன். ஒரு வாரம் பார்த்தேன், பலன் இல்லை. அடுத்து மக்னீசியக் குறைவு என்று ஒரு சந்தேகம். அதில் பழைய இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு நடுவில் மட்டும் மஞ்சளாகும். என் இலைகளில் அப்படி இல்லை. ஆனாலும் உற்றுப் பார்க்கப் பார்க்க அப்படித்தான் இருப்பதாகத் தோன்றியது. நம்ப வேண்டும் என்று முடிவுசெய்துவிட்ட கண்ணுக்கு எதுவும் தெரியும். எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றினேன்.

இரும்புச்சத்துக் குறைவு இதற்கு நேர்மாறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரும்பு இடம்பெயராத சத்து. அதனால் குறை முதலில் குருத்தில் தெரியும், நரம்பு பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக. பழைய இலையா, புது இலையா, முழு மஞ்சளா, நரம்பிடை மஞ்சளா என்று பார்த்தாலே சத்துக் குறைவுகளை ஓரளவு பிரித்துவிடலாம். ஆனால் இதில் ஒரு வம்பு இருக்கிறது. வேர் அழுகிவிட்டால் மண்ணில் எல்லாச் சத்தும் இருந்தும் செடியால் எடுக்க முடியாது. இலை அதே சத்துக்குறைவு நிறத்தைத்தான் காட்டும். சாப்பிட முடியாமல் படுத்திருக்கிறவர் முன்னால் இலை போட்டுப் பரிமாறுகிற கதைதான் என் உரமும் உப்பும். அதுவும் ஓட்டையில்லாத தொட்டி வேறு. ஊற்றிய உப்பெல்லாம் வெளியேற வழியின்றி உள்ளேயே சேர்ந்தது. இரண்டு வாரத்தில் மிச்சமிருந்த இலைகளின் நுனி கருகிப் பழுப்பானது, மண்மேல் வெள்ளையாக ஒரு படலம் படிந்தது. முதலில் ஒரு நோய்தான் இருந்தது. இப்போது இரண்டு.

ஏழாவது வாரக் கூத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தபோது இலைமேல் வெண்மையாக ஏதோ பூத்தது போல இருந்தது. சாம்பல் நோய் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, பூஞ்சைக்கொல்லி வாங்கி வந்து மேலும் கீழும் அடித்தேன். நான்கு நாள் கழித்தும் வெண்மை போகவில்லை என்று மறுபடியும் அடித்தேன். போகாது. அது இலையின் ரோமம். மேலே முனிவர், சாம்பல் ரோமம் என்றெல்லாம் எழுதினேனே, அதெல்லாம் பிற்பாடு வந்த ஞானம். நிஜமான சாம்பல் நோய் மாவைத் தூவியது போலத் திட்டுத்திட்டாக வரும், ஓர் இலையில் இருக்கும், பக்கத்து இலையில் இருக்காது. விரலால் தேய்த்தால் மாவு விரலில் ஒட்டும், இலை தெளிவாகும். ரோமம் இலை முழுக்க ஒரே சீராக இருக்கும், தேய்த்தால் வராது. ஒரு விரல் தேய்ப்பில் தெரிந்திருக்க வேண்டியதற்கு ஒரு புட்டி மருந்து. மருந்து அடித்த இலையை வாயில் வைக்கவும் முடியாமல் போனது தனி.

எட்டாவது வாரம் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தேன். சேஜுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும் என்று படித்தேன். என் மேசைமேல் ஒரு மணி நேரம்கூட வெயில் விழவில்லை. நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிவிடுவதால் அறை பளிச்சென்று இருப்பதாக நமக்குத் தோன்றும். செடிக்கு அது கிட்டத்தட்ட இருட்டு. ஜன்னலிலிருந்து ஓரிரண்டு அடி தள்ளினாலே வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். வெளிச்சம் குறைந்தால் இலை தனக்கு உணவு தயாரிப்பதும் குறையும், தண்ணீர் இழுப்பதும் குறையும், மண் காயவே காயாது. வெயிலில் நிற்கும் செடிக்குப் போதாத தண்ணீர் நிழலில் நிற்கும் செடியை மூழ்கடிக்கும் என்பது இப்படித்தான். அதுவரை புரிந்தது சரி. ஆனால் அன்றைக்கே செடியைத் தூக்கி உச்சி வெயிலில் வைத்தேன். மூன்றாம் நாள் இலைகளில் வெளுத்த திட்டுகள், அப்புறம் அவை காகிதம் போலக் காய்ந்தன. இருட்டில் இருந்த இலைக்கு வெயில் தாங்காது. முதலில் காலை வெயிலில் ஒரு மணி நேரம், அடுத்து இரண்டு என்று பத்து நாள், இரண்டு வாரத்தில் பழக்க வேண்டும். வெயில் சுட்ட அடையாளம் சுலபமானது: வெயில் பட்ட பக்கத்து இலையில் மட்டும் வெளுக்கும், பின்பக்கமும் நிழலில் மறைந்த இலைகளும் பச்சையாகவே இருக்கும். சுட்ட திட்டு மறுபடி பச்சையாகாது, பரவவும் செய்யாது.

நொந்துபோன செடியைத் தேடிப் பூச்சி வரும். ஒன்பதாவது வாரம் இலைகளில் ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடியாய் வெளிர்ப் புள்ளிகள். இந்த முறை அவசரப்படவில்லை, அதுவே பெரிய முன்னேற்றம். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையை இரண்டு தட்டு தட்டினேன். தூசி மாதிரி ஏதோ விழுந்தது. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தத் தூசியில் சில நடக்க ஆரம்பித்தன. செம்பேன். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, பூச்சி இனமே இல்லை, சிலந்தியின் உறவு. இலையின் அடியில் இருந்துகொண்டு சாற்றை உறிஞ்சும், முற்றினால் காம்புகளுக்கு நடுவே மெல்லிய வலை பின்னும். வறண்ட சூடான காற்று இதற்குக் கொண்டாட்டம். நல்ல சூட்டில் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வரை ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். அதனால் ஒரு தடவை மருந்தடித்துவிட்டு ஓய்ந்தால் பயனில்லை, பிழைத்த முட்டைகள் பொரித்துவிடும். நான்கைந்து நாளைக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று தடவை, அதுவும் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி அடிக்க வேண்டும். வேப்பெண்ணெயோ சோப்புக் கரைசலோ எதுவானாலும் வெயில் சாய்ந்த பிறகுதான், இல்லாவிட்டால் இலை கருகும். எல்லாவற்றுக்கும் முன்னால் வெறும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பக்கத்தைக் கழுவினாலே பாதிப் பேன் போய்விடும்.

அந்தக் கழுவல்தான் கடைசியில் உண்மையைக் காட்டியது. மூன்றாவது முறை கழுவும்போது இலையின் அடிப்பக்கம் எட்டவில்லை என்று பீங்கான் தொட்டியோடு சேர்த்து மொத்தத்தையும் சாய்த்தேன். உள்ளிருந்து கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது. சாக்கடை வாடை. பிளாஸ்டிக் தொட்டி வழுக்கி வெளியே வர, அதிலிருந்து செடியும் ஒரு கட்டியாக என் கையில் விழுந்தது, பிடிக்க வேர் இருந்தால்தானே நிற்கும். பதினோரு வாரமாக அந்த வேர் இரண்டு அங்குலத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. வேர் எல்லாம் பழுப்பு, கறுப்பு. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்தது, உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிச்சம். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ விறைப்பாக இருக்கும், மண் வாசனைதான் வரும். இப்படிக் கொழகொழவென்று உறை கழன்றால் அது வேரழுகல். பித்தியம், ஃபைட்டாப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் செய்கிற வேலை, அவற்றுக்குத் தேவை தேங்கிய ஈரம் ஒன்றுதான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாய்த்துப் பார்க்க ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடிக்கு முன்னால் பதினோரு வாரம்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. கட்டியை உடைத்தால் நடுவில் சிறிய உருண்டையாக வேறு ஒரு கலவை, முழுக்கத் தென்னைநார்த் தூள், பிழிந்தால் சொட்டியது. நர்சரியில் நாற்று வளர்த்த உருண்டை அது. மேல் மண் விரலுக்குக் காய்ந்தது போலத் தெரிந்த நாட்களிலும் அது உள்ளே நனைந்த பஞ்சாக இருந்திருக்கிறது. அதற்குள் ஒரு செடி இல்லை, நெருக்கமாக நான்கு நாற்று. தொட்டி நிறைவாகத் தெரிய வேண்டும் என்று பல நாற்றைச் சேர்த்து நடுவது வழக்கமாம். நான்குக்கும் நடுவில் காற்றோட்டம் கிடையாது, அடி இலைக்கு வெளிச்சமும் கிடையாது. இப்போதெல்லாம் செடி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆனதும் வெளியே எடுத்து, அந்த உருண்டையை மெதுவாகப் பிரித்துவிடுகிறேன். இதுவே தலைகீழாகவும் நடக்கும்: நார்த்தூளை ரொம்பக் காயவிட்டால் பிறகு தண்ணீரையே ஏற்காது, ஊற்றுவதெல்லாம் தொட்டி ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும். தண்ணீர் அடியில் வருகிறதே என்று நாம் திருப்தியாக இருப்போம், நடுவில் வேர் காய்ந்துகொண்டிருக்கும். தொட்டியின் கனம் இங்கேயும் பொய் சொல்லாது.

அன்று மாலையே அழுகிய வேரையெல்லாம் வெட்டினேன். கத்தரிக்கோலை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துக்கொண்டேன், நடுநடுவிலும் துடைத்தேன். நான்கில் இரண்டு நாற்றுக்கு வெட்டிய பிறகு வேரே இல்லை. மற்ற இரண்டையும் பெரிய தொட்டி ஒன்றில், அடியில் இரண்டங்குலம் ஜல்லி போட்டு நட்டேன். இங்கேயும் இரண்டு தவறு. சின்ன வேருக்குப் பெரிய தொட்டி என்றால் வேர் தொடாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஜல்லி விஷயம் எல்லோரும் வடிகாலுக்கு நல்லது என்று சொல்வது. உண்மை வேறு. பொடி மண் தன் ஈரத்தைக் கீழே இருக்கிற பெரிய கற்களுக்குச் சுலபத்தில் விடாது, முழுக்க ஊறி நிறைந்த பிறகே விடும். அதனால் ஜல்லிக்கு மேலேயே ஒரு ஈரப் படுகை நிற்கும், வேருக்கு அது இன்னும் பக்கம். நனைத்த ஸ்பாஞ்சைப் படுக்கைவசமாகப் பிடியுங்கள், சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். தொட்டிக்குள் நடப்பதும் அதுதான். உயரம் கூடினால் வடியும், கல் போட்டு உயரத்தைக் குறைத்தால் வடியாது. ஜல்லிக்குப் பதில் மண் முழுவதிலும் பருமணலோ பெர்லைட்டோ (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல் துகள்) மூன்றில் ஒரு பங்கு கலந்திருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று பத்து நாளில் போனது. மற்றதைச் சின்ன மண்தொட்டிக்கு மாற்றினேன். சுட்ட மண் பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியே விடும், என்னைப் போல அளவில்லாமல் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு அது ஒரு காப்பு.

அன்று செய்த ஒரே உருப்படியான வேலை, வெட்டிப் போட்ட கிளைகளின் நுனியைக் குப்பையில் எறியாமல் வைத்தது. பேன் இல்லாமல் பச்சையாக இருந்த நுனிகளில் எட்டைத் தேர்ந்தெடுத்து, விரல் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலும் பெர்லைட்டும் கலந்ததில் நட்டு நிழலில் வைத்தேன். ஐந்து வாரத்தில் மூன்று வேர் பிடித்தன. மெதுவாக இழுத்தால் எதிர்ப்புக் காட்டினால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தம், பிடுங்கிப் பார்க்க வேண்டாம். செடி நோவில் இருக்கிறது என்று சந்தேகம் வந்த அன்றே இதைச் செய்யுங்கள் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். தாய்ச்செடி பிழைக்கிறதோ இல்லையோ, அதன் வாரிசு கையில் இருக்கும். அடிக்கட்டை மரமாகிவிட்ட பகுதியை இலையே இல்லாமல் வெட்டிவிட்டுத் துளிர்க்கும் என்று காத்திருக்காதீர்கள், சேஜ் பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. நன்றாக வளர்த்தாலும் மூன்று நான்கு வருடத்தில் கட்டை பாய்ந்து இலை குறையும் செடிதான் இது. அப்போதும் நுனிக் குச்சிதான் கை கொடுக்கும்.

இன்றைக்கு இலை மஞ்சளானால் நான் செய்வது வேறு. முதலில் தொட்டியைத் தூக்கிக் கனம் பார்ப்பேன். அப்புறம் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுவேன், மேல் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. கனமாகவும் ஈரமாகவும் இருந்தால் மேற்கொண்டு யோசிக்காமல் செடியை வெளியே எடுத்து வேரைப் பார்ப்பேன். செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, தண்டின் அடியில் விரல்களை விரித்துப் பிடித்துக் கவிழ்த்தால் கட்டியாக வரும், பார்த்துவிட்டு அப்படியே திருப்பி வைத்துவிடலாம். வேர் நன்றாக இருந்தால் மட்டுமே இலைப் பக்கம் போவேன்: அடி இலையா நுனி இலையா, முழுசாகவா நரம்பிடையா, புள்ளியா திட்டா, வெயில் பட்ட பக்கம் மட்டுமா. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பேன், வெள்ளைத் தாளில் தட்டுவேன். எதைக் கண்டுபிடித்தாலும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பத்து நாள் பொறுப்பேன். உரம், உப்பு, மருந்து, வெயில் எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒன்றாக மாற்றியதால்தான் எது எதனால் ஆனது என்று எனக்குக் கடைசிவரை புரியாமல் போனது. மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருந்ததும் ஒரு காரணம். அது ஆகாது. செடி தேறுகிறதா என்று தெரிய நுனியைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு சின்ன இலைகள் புதிதாக விரிந்தால் போதும்.

தாய்ச்செடியில் மிஞ்சிய அந்த ஒன்று இன்னும் இருக்கிறது, ஒரு பக்கம் மொட்டையாக, கோணலாக. குச்சியில் வந்த மூன்றும் மண்தொட்டிகளில், வெயில் விழும் இடத்தில் நிற்கின்றன. நேற்று அதில் ஒன்றின் அடியில் ஓர் இலை மஞ்சளாகியிருந்தது. பழைய பயம் சட்டென்று வந்தது. தொட்டியைத் தூக்கினேன், லேசாக இருந்தது. நுனியில் குருத்து. இலையைக் கிள்ளிப் போட்டேன், அடியில் தண்ணீர் வரும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போனேன். அந்தப் பீங்கான் தொட்டியில் இப்போது பேனாக்கள் இருக்கின்றன.